எஞ்சின் கேஸ்கெட் கசிகிறதா? அறிகுறி வாரியாகத் தற்காலிகப் பழுதுநீக்கம்

வண்டி நின்ற இடத்தில் எண்ணெய்ப் பொட்டு விழுந்ததும் பலர் செய்யும் முதல் காரியம், கடையிலிருந்து ஒரு சிலிக்கான் டியூபை வாங்கி வந்து, ஈரமாக இருக்கும் இடத்தின்மேல் வெளியிலிருந்தே அப்பிவிடுவது. எம்-சீல் பிசைந்து ஒட்டுகிறவர்களும் உண்டு. இரண்டுமே நிற்காது. கேஸ்கெட் இரண்டு உலோக முகங்களுக்கு நடுவே நசுங்கிக் கிடந்து கசிவைத் தடுக்கும் பொருள். வெளியே பூசிய பற்றை எண்ணெய் பின்னாலிருந்து தள்ளி உரித்துவிடும். எண்ணெய்ப் பிசுக்கு படிந்த அலுமினியத்தில் அது சரியாக ஒட்டியிருக்கவும் செய்யாது.

வீட்டில் எதைச் சரிசெய்யலாம், எதைத் தொடக்கூடாது என்பதை ஒரு கேள்வி தீர்மானிக்கும்: அந்த மூட்டுக்குப் பின்னால் இருப்பது என்ன? தெறிக்கும் எண்ணெய் மட்டும் என்றால் வீட்டில் செய்த காகித கேஸ்கெட் கூட மாதக்கணக்கில் தாங்கும். புகையும் சூடும் என்றால் சில வாரம் சமாளிக்கலாம். எரியும் வாயுவின் அழுத்தம் என்றால் வீட்டு வைத்தியம் கிடையாது. இந்த வரிசையை மனத்தில் வைத்துக்கொண்டு கீழே உள்ள அறிகுறிகளைப் படியுங்கள். 100 முதல் 150 சிசி வரையிலான பைக்குகளையும் சிறிய பெட்ரோல் கார்களையும் மனத்தில் வைத்தே எழுதியிருக்கிறேன்.

கழற்றுவதற்கு முன்: கசிவு தொடங்கும் இடம் எது?

எண்ணெய் சொட்டும் இடமும் கசியும் இடமும் பெரும்பாலும் வேறு வேறு. மேல்மூடியில் கசிந்தது எஞ்சினின் பக்கவாட்டில் வழிந்து, அடியில் உள்ள வடிகால் போல்ட்டின் தலையில் திரண்டு சொட்டும். பழி வடிகால் போல்ட்டின்மேல் விழும். ஓடும் வண்டியில் காற்று எண்ணெயைப் பின்னோக்கி இழுத்துச் செல்லும். ஆகவே ஈரமான பகுதிகளில் எது மிக மேலே, மிக முன்னே இருக்கிறதோ அதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

எஞ்சின் ஆறியபின் மண்ணெண்ணெயும் பழைய பிரஷும் கொண்டு அழுக்கை முழுவதும் கழுவுங்கள். பட்டறைகளில் மூட்டையாக வாங்கி வைத்திருக்கும் பனியன் வெட்டுத்துணி இதற்கு மிக நல்லது. நூல் பிரியாது, எண்ணெயை நன்றாக உறிஞ்சும். நன்கு காய்ந்த பிறகு சந்தேகமான மூட்டுகளின்மேல் முகப்பவுடரை மெல்லத் தூவுங்கள். பத்து நிமிடம் ஓட்டிவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். வெள்ளைப் பவுடரில் எங்கே முதல் கோடு கறுத்திருக்கிறதோ அங்கேதான் வேலை. மண்ணெண்ணெய் ஈரம் காயாமல் வண்டியைக் கிளப்பாதீர்கள். சூடான புகைக்குழாய் பக்கத்திலேயே இருக்கிறது.

கார் என்றால் அடியில் பழைய செய்தித்தாளை விரித்து இரவு விட்டுவைத்துச் சொட்டின் நிறத்தைப் பாருங்கள். பழுப்பு அல்லது கறுப்பு என்றால் எஞ்சின் ஆயில். பச்சை, இளஞ்சிவப்பு, ஆரஞ்சு எனப் பளிச்சென்று இருந்தால் எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட். நிறமே இல்லாத தண்ணீர் முன்பக்கம் சொட்டினால் அது ஏசி வடிக்கும் நீர், நிம்மதியாகத் தூங்கலாம்.

கேஸ்கெட் மேல் கை வைப்பதற்கு முன் பார்க்க வேண்டியவை இன்னும் மூன்று. முதலாவது எண்ணெயின் அளவு. சர்வீஸில் தாராள மனத்துடன் கூடுதலாக ஊற்றிவிட்டால் நல்ல கேஸ்கெட்டும் கசியும். எண்ணெய் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கின் மேல்கோட்டைத் தாண்டியிருந்தால் வடித்துக் குறையுங்கள். இரண்டாவது, எஞ்சினுக்குள் சேரும் வாயு வெளியேறும் ப்ரீதர் குழாய். அது மடங்கியோ அழுக்கால் அடைத்தோ இருந்தால் உள்ளே அழுத்தம் ஏறி, எந்த மூட்டு பலவீனமோ அதன் வழியே எண்ணெயைத் தள்ளும். புது கேஸ்கெட் போட்டும் மூன்றாம் நாள் கசிகிறது என்று புலம்புகிற வண்டிகளில் இந்தக் குழாயை முதலில் பார்க்கச் சொல்வேன். கார்களில் இதே வேலையைச் செய்யும் பிசிவி வால்வு அடைத்துக்கொள்ளும். மூன்றாவது, தளர்ந்த போல்ட். ஸ்பேனரை வைத்து ஒவ்வொன்றையும் மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். கால் சுற்று தளர்வாக வந்தால் அதை இறுக்கியதோடு வேலை முடிந்திருக்கலாம்.

இறுக்குவதிலும் அளவு வேண்டும். பக்க மூடிகளைப் பிடித்திருப்பவை பெரும்பாலும் 6 மி.மீ. போல்ட்டுகள். அவற்றுக்கு 10 நியூட்டன் மீட்டர் அளவே போதும். இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் இல்லாதவர்கள் குட்டை ஸ்பேனரை அதன் தலைப்பக்கமாகப் பிடித்து, மணிக்கட்டின் பலத்தால் மட்டும் இறுக்க வேண்டும். நீளமான டீ ஸ்பேனரில் தோள்பலத்தைக் காட்டினால் அலுமினியத்தில் மரை போய்விடும். பத்து ரூபாய் காகித கேஸ்கெட் பிரச்சினை, லேத் பட்டறைப் பிரச்சினையாகிவிடும்.

அறிகுறி: எஞ்சினின் மேல்மூடியைச் சுற்றி ஈரம், நிறுத்தியதும் கருகிய எண்ணெய் வாடை

காரில் வால்வு கவர் கேஸ்கெட்; பைக்கில் சிலிண்டரின் தலைப்பகுதியான ஹெட்டின் கவர் அல்லது டாப்பெட் மூடியின் ரப்பர் வளையம். சூட்டில் ரப்பர் பிளாஸ்டிக் போலக் கெட்டியாகி, நசுங்கும் தன்மையை இழந்திருக்கும். வாடை வருவதற்குக் காரணம், வழியும் எண்ணெய் புகைக்குழாயின்மேல் விழுவதுதான். இதைத் தள்ளிப்போடாதீர்கள். நிறைய எண்ணெய் அங்கே சேர்ந்தால் தீப்பிடிக்கவும் கூடும்.

காரில் இன்னொரு இடத்தையும் பாருங்கள். ஸ்பார்க் பிளக் அமர்ந்திருக்கும் கிணற்றில் எண்ணெய் தேங்கியிருந்தால், அதே மூடியின் உள்வளையம் போயிருக்கிறது. வண்டி முடக்கு முடக்கென்று ஓடுவதும் அதனால் இருக்கலாம். அந்த எண்ணெயைத் துணியால் ஒற்றி எடுக்காமல் பிளக்கைக் கழற்றினால் எல்லாம் சிலிண்டருக்குள் இறங்கும்.

தற்காலிக வேலை எளிது. மூடியைக் கழற்றி, ரப்பரை அதன் பள்ளத்திலிருந்து எடுத்துச் சோப்பு நீரில் கழுவித் துடைத்துக் காயவிடுங்கள். பள்ளத்தையும் ஹெட்டின் முகத்தையும் பெட்ரோல் தொட்ட துணியால் துடையுங்கள், திறந்த வெளியில், தீ எதுவும் அருகில் இல்லாமல். ரப்பர் விரிசல் விட்டிருக்கும் இடத்திலும் மூடி வளைந்து திரும்பும் மூலைகளிலும் மட்டும் எண்ணெய் தாங்கும் சிலிக்கானைச் சிறு பொட்டாக வையுங்கள். கேம்ஷாஃப்ட்டின் அரைவட்ட மூலைகளில் இப்படி வைக்கச் சொல்லிப் பல கார்களின் சர்வீஸ் நூல்களே கூறுகின்றன. முழு நீளத்துக்கும் பூச வேண்டியதில்லை. பூசினால் ரப்பர் பள்ளத்தில் உட்காராமல் வழுக்கும். போல்ட்டுகளை நடுவிலிருந்து தொடங்கிக் குறுக்கும் மறுக்குமாக, இரண்டு மூன்று சுற்றில் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள்.

பைக்கின் டாப்பெட் மூடி வளையம் கடையில் மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. அதற்குத் தற்காலிக வழி தேடுவது வீண் வேலை. புதியதை வாங்கி, எண்ணெய் தடவிப் போடுங்கள்.

அறிகுறி: பக்க மூடியின் விளிம்பில் கசிவு, கால்வைக்கும் கம்பியில் எண்ணெய்

வீட்டில் செய்யத்தக்க வேலைகளில் முதலிடம் இதற்குத்தான். வலப்பக்கம் இருந்தால் கிளட்ச் கவர், இடப்பக்கம் இருந்தால் மேக்னட் கவர் என்பது நம் ஊர் பைக்குகளில் பெரும்பாலும் பொருந்தும். உள்ளே தெறிக்கும் எண்ணெய் மட்டுமே இருப்பதால் காகித பேக்கிங் (பட்டறைகளில் கேஸ்கெட்டுக்கு வழங்கும் பெயர்) போதுமானது.

கழற்றுமுன் ஒரு சோதனை. கிக்கர் தண்டோ கியர் தண்டோ மூடியிலிருந்து வெளியே வரும் துளையைச் சுற்றி ஈரமா? அப்படியென்றால் போனது தண்டைச் சுற்றியிருக்கும் ஆயில் சீல். மூடியின் பேக்கிங்கை மாற்றிப் பயனில்லை. மேக்னட் பக்கத்தில் மின்கம்பிகள் வெளியேறும் இடத்தில் ஒரு ரப்பர் அடைப்பு இருக்கும். பலரும் கவனிக்காமல் விடும் கசிவு அது. அங்கே மட்டும் சிலிக்கான் உண்மையிலேயே நல்ல மருந்து: ரப்பரை எடுத்துத் துடைத்து, சுற்றிலும் மெல்லப் பூசித் திரும்பச் செருகினால் நெடுநாள் நிற்கும்.

கிளட்ச் கவருக்கு, வண்டியைப் பக்க ஸ்டாண்டில் இடப்புறம் சாய்த்து நிறுத்தினால் எண்ணெய் அந்தப் பக்கம் ஒதுங்கும். முழுவதும் வடிக்காமலேயே பெரும்பாலும் கழற்றிவிடலாம். ஆனாலும் அடியில் ஒரு தட்டு இருக்கட்டும். கிக்கர், கிளட்ச் கேபிள், தேவைப்பட்டால் கால்வைக்கும் கம்பி ஆகியவற்றைக் கழற்றுங்கள். போல்ட்டுகள் எல்லாம் ஒரே நீளம் இல்லை. ஒரு அட்டையில் மூடியின் வடிவத்தை வரைந்து, எந்தத் துளையிலிருந்து வந்ததோ அந்த இடத்தில் குத்தி வையுங்கள். நீளமான போல்ட்டைக் குட்டைத் துளையில் ஏற்றினால் அடியில் முட்டி நிற்கும். நமக்கு இறுகியதுபோல் தெரியும், மூடி பிடிக்காது. கசிவுக்கு அதுவே காரணமாக இருந்த வண்டிகள் உண்டு.

மூடி வரவில்லை என்றால் ரப்பர் சுத்தியலால் சுற்றிலும் தட்டுங்கள். ஸ்க்ரூடிரைவரை விளிம்பில் செருகி நெம்பாதீர்கள். அந்தக் கீறல் நிரந்தரக் கசிவு வழியாகிவிடும். மேக்னட் கவரில் சுருள்கள் மூடியோடு சேர்ந்திருக்கும் வண்டிகளில் காந்தம் மூடியைத் திரும்ப இழுக்கும். திரும்ப மாட்டும்போது படாரென்று அறையும். விளிம்பில் விரல் வைக்காதீர்கள்.

பழைய காகிதத்தை அகற்றப் பொறுமை வேண்டும். எண்ணெயில் நனைத்து ஊறவிட்டு, பிளாஸ்டிக் தகடு அல்லது மூங்கில் சிம்பால் சுரண்டுங்கள். மிகப் பழைய எஞ்சின்களின் பேக்கிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம். ஆகவே காய்ந்த நிலையில் கம்பி பிரஷால் தேய்த்துத் தூசி கிளப்ப வேண்டாம். எப்போதும் ஈரமாகவே சுரண்டுங்கள். எஞ்சினுக்குள் துணுக்கு விழாமல் துணியால் அடைத்துக்கொள்ளுங்கள். முகத்தில் சிறு மேடுகள் இருந்தால், ஒரு தடித்த கண்ணாடியின்மேல் நைஸ் எமரி தாளை விரித்து எண்ணெய் விட்டு, மூடியைக் கவிழ்த்து எட்டு வடிவில் தேயுங்கள். எங்கே பளபளக்கவில்லையோ அங்கே பள்ளம் என்று தெரிந்துவிடும்.

இனி காகிதம் வெட்டுவது. உதிரிபாகக் கடைகளில் ஆயில் பேக்கிங் தாள் எனத் தாளாகவே கிடைக்கும். பழைய பேக்கிங்கின் கிழியாத துண்டு ஒன்றை எடுத்துச் சென்று அதே தடிமனில் வாங்குங்கள். பைக்குகளில் பொதுவாக அரை மி.மீ. சுற்று வட்டாரத்தில் இருக்கும். தடிமன் மாறினால் உள்ளே உள்ள தண்டுகளின் பக்கவாட்டு இடைவெளி மாறும். மூடியின் விளிம்பில் பழைய எண்ணெயை மெல்லத் தடவித் தாளின்மேல் அழுத்தி எடுங்கள், அச்சு விழும். முதலில் போல்ட் துளைகளைப் போட வேண்டும். துளைமேல் ஒரு பழைய பேரிங் குண்டை வைத்துச் சுத்தியலால் ஒரு தட்டு தட்டினால் வட்டமாக அறுந்து விழும், கத்தரி தோற்றுப்போகும் அளவுக்குச் சுத்தமாக. குண்டு துளையைவிடச் சற்றுப் பெரியதாக இருக்க வேண்டும். தாளை மூடியோடு பிடித்துக்கொள்ள இரண்டு போல்ட்டுகளைச் செருகிக்கொண்டு மற்றவற்றைப் போடுங்கள். வெளிவிளிம்பையும் உள்விளிம்பையும் கடைசியில் வெட்டுங்கள். பழைய மெக்கானிக்குகள் விளிம்பு முழுவதையும் சுத்தியலால் தட்டியே தாளை அறுப்பார்கள். வார்ப்பிரும்பு எஞ்சினில் அது சரி; அலுமினிய மூடியில் விளிம்பு மழுங்கிவிடும்.

அச்சில் தெரியும் சிறு துளைகளை, போல்ட் துளை இல்லை என்பதற்காக விட்டுவிடாதீர்கள். அவற்றில் ஒன்று எண்ணெய் செல்லும் வழியாக இருக்கலாம். அதை மூடிவிட்டால் கேம்ஷாஃப்ட்டோ கிளட்ச்சோ எண்ணெயில்லாமல் காயும்.

கடை மூடிய ஞாயிற்றுக்கிழமை என்றால்? அலுவலகக் கோப்புகளுக்குப் பயன்படும் பழுப்பு அட்டை நல்ல மாற்று. பளபளப்பான கல்யாணப் பத்திரிகை அட்டை வேண்டாம். அதன் மேற்பூச்சு எண்ணெயை உறிஞ்சவிடாது, சூட்டில் உரியும். வெட்டிய அட்டையை எஞ்சின் ஆயிலில் ஒரு மணி நேரம் ஊறவைத்து மாட்டுங்கள். எண்ணெய் மூட்டுக்கு மட்டுமே இந்த வித்தை. கூலன்ட் செல்லும் இடத்தில் அட்டை கூழாகும்.

பேக்கிங்கே இல்லாமல் சிலிக்கானை மட்டும் வைத்து மூடலாமா? சில நாட்களுக்கு முடியும், முறையாகச் செய்தால். நம் பக்கத்து மெக்கானிக்குகள் எந்த நிறுவனத்தின் டியூபாக இருந்தாலும் அனபாண்ட் என்றே கேட்டு வாங்குவார்கள். எந்தப் பெயரானாலும் எஞ்சினுக்கானது என்று டியூபில் இருக்க வேண்டும். குளியலறை, கண்ணாடி வேலைக்கான சிலிக்கான் பல, திறந்தால் வினிகர் வாடை அடிக்கும். அது உலோகத்தை அரிக்கும், எண்ணெயில் ஊறி உப்பும். ஆக்ஸிஜன் சென்சார் உள்ள வண்டிகளுக்குச் சென்சாரைப் பாதிக்காத வகை என்று குறிப்பிட்டிருப்பதை வாங்குங்கள்.

இரு முகங்களிலும் எண்ணெய்ப் பிசுக்கு துளியும் இருக்கக்கூடாது. தின்னரில் நனைத்த துணியால் கடைசியாக ஒருமுறை துடையுங்கள். 2 மி.மீ. தடிமனில் அறுபடாத ஒரே கோடாக, ஒவ்வொரு போல்ட் துளையையும் உள்பக்கமாகச் சுற்றி வருமாறு இடுங்கள். மேல்தோல் காயுமுன் மூடியை வைத்து, விரல் பலத்தால் மட்டும் போல்ட்டுகளைத் திருகி ஒரு மணி நேரம் விடுங்கள். பிறகு முழு அளவுக்கு இறுக்குங்கள். எண்ணெய் பட ஒரு நாள் பொறுங்கள். இந்தக் காத்திருப்பைத்தான் எல்லாரும் தவிர்க்கப் பார்க்கிறார்கள்.

தடிமனாகப் பூசினால் நன்றாக அடைக்கும் என்று நினைப்பது இந்த வேலையில் மிகப் பெரிய ஆபத்து. வெளியே பிதுங்கும் அளவு உள்ளேயும் பிதுங்கும். அந்தப் புழு காய்ந்து உதிர்ந்து எண்ணெயோடு சுற்றி, ஆயில் பம்பின் வலையில் போய் உட்கார்ந்துகொள்ளும். கசிவு நின்றிருக்கும், எஞ்சின் உள்ளே பட்டினி கிடக்கும்.

பழைய வார்ப்பிரும்பு எஞ்சின் புல்லட் வைத்திருப்பவர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. அதன் பிரைமரி மூடியைப் பிடித்திருப்பது நடுவில் உள்ள ஒரே ஒரு பெரிய நட்டு. கசிகிறதே என்று அதை இன்னும் இறுக்க, மூடி நடுவில் குழிந்து விளிம்பு தூக்கிக்கொள்ளும், கசிவு கூடும். அங்கே விளிம்பில் இருப்பது ரப்பர் வளையம். வளையத்தைப் புதிதாகப் போட்டு நட்டை மிதமாக இறுக்கினால் போதும். திருவொற்றியூர் ஆலையிலிருந்து வந்த அந்த வண்டிகள் எண்ணெய் சொட்டுவது இயல்பு என்று சொல்லிச் சொல்லியே பலர் ஒரு வளையத்தை மாற்றாமல் இருபது ஆண்டுகளை ஓட்டிவிட்டார்கள்.

அறிகுறி: வடிகால் போல்ட்டில் மட்டும் சொட்டு

செம்பு வாஷர் என்றால் காசே செலவில்லை. பழைய வாஷர் நசுங்கி நசுங்கிக் கெட்டியாகியிருக்கும். இடுக்கியில் பிடித்துக் கேஸ் அடுப்பில் மங்கலான சிவப்பு வரும்வரை காய்ச்சித் தண்ணீரில் போடுங்கள். செம்பு மீண்டும் மிருதுவாகும். இரும்பைப் போல இது திடீர்க் குளிர்ச்சியில் கெட்டியாவதில்லை. மேலே படியும் கறுப்பைத் தேய்த்து எடுத்துவிட்டுப் போடுங்கள். அலுமினிய வாஷரை இப்படிக் காய்ச்ச முயலாதீர்கள், சிவக்காமலேயே உருகிவிடும். புதியதுதான் வழி. டெஃப்ளான் டேப் சுற்றுவது இந்த இடத்தில் பயன் தராது, ஏனெனில் அடைப்பது மரை இல்லை, வாஷரின் முகம்.

அறிகுறி: குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பும்போது பட் பட் என்ற ஓசை; சூடானதும் குறைகிறது

புகைக்குழாய் ஹெட்டோடு சேரும் இடத்தில் கேஸ்கெட் போயிருக்கிறது. அந்த மூட்டைச் சுற்றிக் கரிப்புகைக் கோடு தெரியும். ஆக்ஸிலரேட்டரை விட்டதும் குழாயில் வெடிப்பொலி கேட்பதும் இதன் இன்னொரு அடையாளம். சூடானதும் ஓசை குறைவது குணமானதால் இல்லை. உலோகம் விரிந்து சந்தை மூடுகிறது.

முதலில் இரண்டு நட்டுகளையும் சமமாக இறுக்கிப் பாருங்கள். அவை துருப்பிடித்திருந்தால், முந்தைய இரவே துரு இளக்கும் எண்ணெயை அடித்து ஊறவிடுங்கள். ஸ்டட் (நட்டு ஏறும் மரைக்கம்பி) முறிந்தால் ஹெட்டையே கழற்ற வேண்டி வரலாம். இறுக்கியும் நிற்கவில்லை என்றால் குழாயை இறக்கி, பழைய வளையத்தை எடுத்துவிட்டு, மிருதுவான செம்புக் கம்பியை அதே அளவு வளையமாக இரண்டு மூன்று புரியாக முறுக்கி வைத்து இறுக்கலாம். நம் கிராமத்துப் பட்டறைகளின் பழைய வித்தை இது. புது வளையம் வரும்வரை தாங்கும். வெளிப்புறச் சந்துகளுக்கு மப்ளர் பேஸ்ட் பூசலாம். சிவப்பு சிலிக்கான் அதிகச் சூடு தாங்கும் என்று டியூபில் எழுதியிருப்பதை நம்பி இங்கே வைக்காதீர்கள். அது தாங்குவது ஏறத்தாழ 300 டிகிரி செல்சியஸ். ஹெட்டை விட்டு வெளியேறும் புகை அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல் சூடாக இருக்கும்.

2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பி.எஸ். 6 புகை விதிக்கான வண்டிகளில் இந்தக் கசிவு இன்னொரு குழப்பத்தையும் தரும். வெளிக்காற்று உள்ளே புகுந்து ஆக்ஸிஜன் சென்சாரை ஏமாற்றும். பெட்ரோல் போதவில்லை என்று எண்ணிக் கணினி கூடுதலாக ஊற்றும். மைலேஜ் குறைந்ததற்கு இன்ஜெக்டரைக் குறை சொல்லிக்கொண்டிருப்பார்கள். மூடிய கொட்டகையில் எஞ்சினை ஓடவிட்டு இந்தச் சோதனைகளைச் செய்யாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாடையே கிடையாது.

அறிகுறி: ஐடிலிங் (ஆக்ஸிலரேட்டர் தராதபோது ஓடும் வேகம்) தானாக ஏறி இறங்குகிறது, ஆக்ஸிலரேட்டரை விட்டும் வேகம் குறையவில்லை

காற்று உள்ளிழுக்கும் பக்கம் கேஸ்கெட் அல்லது ஓ-வளையம் விட்டிருக்கலாம். எஞ்சின் ஓடும்போது அந்த மூட்டின்மேல் தண்ணீரை மெல்லத் தெளியுங்கள். ஓட்டத்தின் ஓசை மாறினால் அதுதான் இடம். கார்புரேட்டர் கிளீனரை அடித்துச் சோதிப்பவர்கள் உண்டு. சூடான எஞ்சினில் தீயோடு விளையாடுவது அது. தண்ணீர் போதும்.

போல்ட்டுகளை இறுக்குங்கள். தட்டையான மூட்டென்றால் ஆயில் பேக்கிங் தாளில் புதிது வெட்டி, இருபுறமும் கிரீஸ் தடவிப் போடுங்கள். ரப்பர் குழாயில் விரிசல் என்றால் இறுகச் சுற்றிய டேப் வீடுவரை கொண்டுசேர்க்கும், அவ்வளவே. சிலிக்கான் இங்கே கூடாது: பெட்ரோல் பட்டால் உப்பி உரிந்து, துண்டு நேராகச் சிலிண்டருக்குள் போகும். காற்று மிகுந்து எரியும் எஞ்சின் அளவுமீறிச் சூடாகும் என்பதால் இந்தக் குறையோடு நெடுஞ்சாலைப் பயணம் வேண்டாம்.

அறிகுறி: சிலிண்டருக்கும் கீழ்ப்பெட்டிக்கும் நடுவே கசிவு

பேஸ் கேஸ்கெட். மேலே உள்ள அத்தனையையும் கழற்றினால்தான் அதை எட்ட முடியும். கசிவு மெதுவானது என்றால் எண்ணெய் அளவை வாரந்தோறும் பார்த்து ஊற்றிக்கொண்டு, நேரம் கிடைக்கும்போது பட்டறையில் விடுங்கள்.

அறிகுறி: வெள்ளைப் புகை, கூலன்ட் குறைகிறது, எஞ்சின் கொதிக்கிறது

ஹெட் கேஸ்கெட்டாக இருக்கலாம். வீட்டில் நீங்கள் செய்யக்கூடியது உறுதிப்படுத்திக்கொள்வது மட்டுமே.

காலையில் எஞ்சின் முற்றிலும் குளிர்ந்திருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்து கிளப்பிப் பாருங்கள். சூடாக இருக்கும்போது திறந்தால் அழுத்தத்தில் இருக்கும் கொதிநீர் முகத்தில் பாயும். குமிழ்கள் இடைவிடாமல் வந்துகொண்டே இருந்தால் சிலிண்டரில் எரியும் வாயு நீர்ப்பாதைக்குள் புகுகிறது. கிளப்பிய ஒரு நிமிடத்திலேயே, நீர் சூடாகுமுன், மேல் ரப்பர் குழாய் கல்லாக இறுகுவதும் அதே அடையாளம். புகை இனிப்பு வாடையோடு, சூடான பிறகும் தொடர்ந்து வெள்ளையாக வந்தால் கூலன்ட் எரிகிறது. குளிர் காலையில் சில நிமிடம் வரும் வெண்புகை வெறும் நீராவி.

எண்ணெய் ஊற்றும் மூடியின் அடியில் பால்நிறப் பசையைக் கண்டதும் பதற வேண்டாம். ஊட்டியிலோ கொடைக்கானலிலோ குறுந்தூரம் மட்டும் ஓடும் வண்டிகளில் ஈரம் படிந்தே அப்படி ஆகும். டிப்ஸ்டிக்கிலும் அதே நிறம் என்றால்தான் எண்ணெயில் நீர் கலந்திருக்கிறது. அந்த நிமிடமே எஞ்சினை நிறுத்துங்கள். பேரிங்குகளுக்கு அந்தக் கலவை எண்ணெய் ஆகாது. வண்டியைக் கட்டி இழுத்துத்தான் போக வேண்டும்.

காற்றால் குளிரும் பைக்கில் அடையாளங்கள் வேறு: கிக்கர் இலேசாக இறங்கும், இழுவை குறையும், ஹெட்டும் சிலிண்டரும் சேரும் கோட்டில் கரி படிந்து டிக் டிக் என்று காற்றொலி கேட்கும்.

இங்கே சிலிக்கானோ அட்டையோ ஏன் உதவாது என்றால், பெட்ரோல் எஞ்சின் முழுப் பளுவில் எரியும்போது சிலிண்டருக்குள் வளிமண்டலத்தைப்போல ஐம்பது மடங்குக்கு மேல் அழுத்தம் உண்டாகும். அதற்காகத்தான் இப்போதைய கார்களில் பல அடுக்கு எஃகுத் தகட்டில் ஹெட் கேஸ்கெட் செய்கிறார்கள். ஹெட் போல்ட்டுகளை இறுக்கிப் பார்க்கலாமே என்பார்கள். பழைய எஞ்சின்களில் கையேடே மறு இறுக்கம் சொன்னால் சொன்ன வரிசையில் செய்யலாம். இன்றைய கார்களில் பல போல்ட்டுகள் ஒருமுறை நீண்டு இறுகும் வகை. மேலும் திருகினால் அறுந்துவிடும்.

பாட்டிலில் விற்கும் ஹெட் கேஸ்கெட் சீலர்கள் பலவற்றில் இருப்பது சோடியம் சிலிகேட். நீரோடு சுற்றி, கசிவுச் சந்தில் சூட்டில் கண்ணாடிபோல் இறுகும். சிறிய கசிவுக்குச் சில நாள் பிடிக்கும். ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களையும் கொஞ்சம் அடைக்கும். சில வகைகளை ஊற்றுமுன் பழைய கூலன்ட்டை முழுவதும் கழுவி எடுக்க வேண்டும், கலந்தால் கட்டி தட்டிவிடும்; பாட்டிலில் உள்ளதை வரி விடாமல் படியுங்கள். எண்ணெயில் நீர் கலந்த எஞ்சினில் மட்டும் இதை ஊற்றவே கூடாது. 2009இல் அமெரிக்க அரசு பழைய கார்களைத் திரும்பப் பெறும் திட்டம் ஒன்றை நடத்தியது. அந்த எஞ்சின்கள் மீண்டும் ஓடாதபடி கொல்ல, எண்ணெயை வடித்துவிட்டு 40 சதவீத சோடியம் சிலிகேட் கரைசலை ஊற்றி ஓடவிட்டார்கள். பேரிங்குகள் இறுகி எஞ்சின் நின்றுபோனது. நீர்ப்பாதையில் மருந்தாக இருப்பது எண்ணெய்ப் பாதையில் அதைத்தான் செய்யும்.

வேறு வழியே இல்லாமல் பட்டறைவரை ஓட்டியே ஆக வேண்டும், எண்ணெய் சுத்தமாகவும் இருக்கிறது என்றால், ஹீட்டரை முழு வேகத்தில் திறந்துவிடுங்கள்; வெயிலில் வேதனைதான், ஆனால் எஞ்சினின் சூட்டை அது கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். சூட்டுமானி நடுவைத் தாண்டினால் ஓரங்கட்டி முழுவதும் ஆறவிடுங்கள். கொதிக்கும் எஞ்சினில் பச்சைத்தண்ணீர் ஊற்றினால் ஹெட் வளையவோ விரிசல் விடவோ கூடும்.

வேலை முடிந்த பின்

எந்த மூட்டைத் திறந்திருந்தாலும், எண்ணெய் அளவைப் பார்த்துவிட்டுக் கிளப்பி, ஐந்து நிமிடம் ஐடிலிங்கில் விட்டுச் சுற்றிலும் டார்ச் அடித்துப் பாருங்கள். ஆறிய பிறகு காகித பேக்கிங் போட்ட போல்ட்டுகளை ஒருமுறை சோதியுங்கள். தாள் சற்று நசுங்கியிருக்கும், சிறிது திருப்பம் பிடிக்கும். சிலிக்கான் வைத்த மூடியை அப்படி மீண்டும் இறுக்காதீர்கள், காய்ந்த பற்று அறுந்துவிடும். முதல் வாரம் டிப்ஸ்டிக்கை அன்றாடம் பாருங்கள்.

பட்டறையில் விடும்போது எந்த இடத்தில் என்ன வைத்தீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். சீலர் ஊற்றிய ரேடியேட்டரைக் கழுவ வேண்டும், சிலிக்கான் வைத்த எஞ்சினில் ஆயில் பம்பின் வலையைத் திறந்து பார்க்க வேண்டும். சொல்லாவிட்டால் மெக்கானிக் புது பேக்கிங்கைப் போட்டு மூடிக் கொடுத்துவிடுவார்.